பாலுக்கு மிச்சம் வைத்த வெயில்

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் பார்த்துவிட்டேன். இன்வெர்ட்டர் பெட்டியின் சின்னக் கண்ணாடியில் பச்சை எழுத்தில் பேட்டரியின் வோல்ட் எண், இருபத்து நான்கு புள்ளி ஒன்று. காலையில் இருபத்து நான்கு புள்ளி நான்கு இருந்தது. நான் பார்ப்பதால் இறங்குகிறதா, இறங்குவதால் பார்க்கிறேனா, தெரியவில்லை. மாரோடு ஒட்டியிருக்கும் பம்ப் உஸ் என்று இழுத்து, விட்டு, மறுபடி உஸ் என்று இழுக்கிறது. மூலையில் ஃப்ரீசர் முனகுகிறது. இரண்டு சத்தமும் சில நேரம் ஒன்றாகச் சேர்ந்துவிடும், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கிக்கொள்கிற மாதிரி, அப்போது எனக்குக் கண் சொருகும். சொருகக் கூடாது. பாட்டிலில் பால் இன்னும் முதல் கோட்டைத் தாண்டவில்லை. இளமஞ்சள் நிறம். இது பாப்பாவுக்கு ஒரு வேளைக்கு வரும், கொஞ்சம் மிஞ்சும். அவளுக்கு ஒரு வேளை என்பது சின்னக் கரண்டிக்குள் அடங்கிவிடும். வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் நூல் போன்ற ஒரு குழாய், அதன் மேல் நுனியில் ஊசியில்லாத சிரிஞ்சு, அதைச் சிஸ்டர் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அழுத்தக் கூடாதாம். பால் தன் கனத்திலேயே இறங்க வேண்டுமாம். மாதம் முடியும் முன்பே வந்துவிட்ட பிள்ளை. உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்தால் அவள் முழு நீளம் என்று முதல் நாள் நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கீழே திண்டுக்கல்லில் அவள் கிடக்கிறாள், மேலே சிறுமலையில் மேகத்துக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சளிக்காய்ச்சல். இருமினால் வயிற்றுத் தையல் சுரீர் என்கிறது. "இருமல் நிக்கிற வரைக்கும் உள்ள வராதீங்கம்மா" என்றார் சிஸ்டர். "பால் மட்டும் குடுத்து விடுங்க. பால் வழியா நோய் ஒண்ணும் போகாது. உங்க காய்ச்சலுக்கு எதிர் மருந்தே அதுலதான் இருக்கு." அதனால்தான் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, என் வீட்டில் நானே திருட வந்தவள் போல உட்கார்ந்து, கறந்துகொண்டிருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. எலுமிச்சை மரங்கள் இருந்த இடத்தில் வெள்ளை. மிளகுக்கொடி ஏறிய முருங்கை மரங்கள் இருந்த இடத்தில் வெள்ளை. ஐப்பசியில் மேகம் இப்படித்தான், கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வந்து கட்டில் மேல் உட்காரும். கூரையில் நான்கு சோலார் தகடுகள் இருக்கின்றன, மேகத்துக்கு அடியில், நனைந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்று நாளாக அவை வெயிலைப் பார்க்கவில்லை. அதற்காக ஒன்றுமே வராது என்றில்லை. மேகத்துக்குள்ளும் வெளிச்சம் இருக்கிறது, அதில் கொஞ்சம் வரும், ஈரத்துணியைப் பிழிந்த பிறகு மறுபடி பிழிந்தால் வருமே அந்த அளவுக்கு. இங்கே காடு சுற்றி இருப்பதால் கரண்ட் கம்பம் நட விடமாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. கீழே ஊரில் அம்மா வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால், அங்கே கரண்ட் என்பது சுவருக்குள் இருக்கிற ஒன்று, விரலை வைத்தால் வரும். வந்த முதல் வாரம் பொழுது சாய்ந்த பிறகு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். வீடே கீச் கீச்சென்று கத்தி இருட்டாகிப் போனது. என் கணவர் டொமினிக் திட்டவில்லை. இருட்டுக்குள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "ஜெசி, நீ இப்ப நாளைக்கு உள்ள வெயிலைச் செலவழிக்கப் பார்த்த" என்றார். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அப்புறம் நானே பழகிக்கொண்டேன். தோசைமாவு அரைப்பது உச்சி வெயிலில். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது உச்சி வெயிலில். துவைப்பது, இஸ்திரி, டார்ச் சார்ஜ், எல்லாம் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போதே. பேட்டரியில் போட்டு எடுப்பதைவிட வருகிறபோதே வாங்கிச் செலவழித்துவிட்டால் வீணாவது குறைவு. சாயங்காலத்துக்கு இரண்டு சின்ன விளக்கு போதும். தகட்டில் பறவை எச்சம் ஒரு காசு அளவுக்கு இருந்தாலும் அந்த வரிசையே மந்தமாகிவிடும், அதனால் மூங்கில் கம்பில் ஈரத்துணி கட்டி வாரத்துக்கு ஒரு தரம் துடைப்பேன். பலாமரக் கிளையின் நிழல் மதியத்துக்கு மேல் கடைசித் தகட்டில் விழும். கிளையை வெட்ட டொமினிக்குக் கை வரவில்லை, தகட்டைத்தான் கழற்றித் தள்ளி வைத்தார். வயிற்றில் பாப்பா இருந்தபோது இந்த ஒழுங்கெல்லாம் எனக்கு ஒரு தூக்கம் மாதிரி ஆகியிருந்தது. பத்து மணிக்கு வெளிச்சம் ஏறும், நானும் எழுந்து அலைவேன். மூன்று மணிக்கு இறங்கும், நானும் படுப்பேன். அவளும் உள்ளே அப்படியே. உச்சியில் துள்ளுவாள், பொழுது இறங்கினால் அடங்குவாள். அவளையும் வெயில்தான் ஓட்டுகிறது என்று நினைப்பேன். இப்போது அவள் இருக்கிற இடத்தில் பகலும் இரவும் ஒரே குழல்விளக்கு.

டொமினிக் நேற்றுக் காலை பால் எடுத்துக்கொண்டு வண்டியில் போனவர் இன்னும் திரும்பவில்லை. தெர்மகோல் பெட்டிக்குள் பனிக்கட்டிப் பாட்டில்கள், நடுவில் பால். அவர் இறங்கிய பிறகுதான் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்தது, பாறையோடு, மரத்தோடு. இன்று காலை எலுமிச்சைக்கு அப்பால் இருக்கிற பாறை மேல் போய் நின்றேன், அங்கேதான் செல்போனுக்கு இரண்டு கோடு வரும். "ரோடு எப்பத் திறக்கும்?" என்றேன். "மழை விட்டாத்தான் மிஷினே வருமாம். நாளைக்கோ, அதுக்கு மறுநாளோ." பிறகு அவரே தொடர்ந்தார். "ஜெசி, இங்க இருக்கிற பால் இன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் தாங்கும்னு சிஸ்டர் சொல்றாங்க." "அப்புறம்?" "அப்புறம் பவுடர்." பவுடர் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. இவ்வளவு சின்னக் குடலுக்குப் பவுடர் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதனால்தான் தாய்ப்பாலை விடாதீர்கள் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். "நான் நடந்து ஏறி வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றார். "நீங்க அங்கயே இருங்க. மருந்து எழுதிக் குடுத்தா யாரு ஓடுறது?" என்று நான்தான் தடுத்தேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் புரிந்தது, பாலைக் கொண்டுபோக வேறு யாருமில்லை. அம்மா இருந்த வரைக்கும் ஊரில் ஒரு வீடு இருந்தது. அண்ணன் திருப்பூர் போய்விட்டான். மேகம் காலடியில் புகைந்து புகைந்து வழிவிட்டது. என் கால் எனக்கே தெரியவில்லை. தலைக்கு மேலும் வெள்ளை, காலுக்குக் கீழும் வெள்ளை, நடுவில் நான் மட்டும் மிதந்து போகிறேன், வயிற்றில் பழைய கனம் இன்னும் இருப்பதாகவே ஒரு கை அடிவயிற்றைத் தாங்குகிறது. இல்லையே, அவள் வெளியே வந்துவிட்டாளே என்று கைக்குச் சொன்னேன். கை விலகவில்லை.

கீச். பம்பை நிறுத்தினேன். கீச், கீச். இன்வெர்ட்டர்தான். எண் இருபத்து மூன்றரைக்கு வந்துவிட்டது. எப்போது இறங்கியது? தூங்கிவிட்டேனா? இதற்குக் கீழே போகவிட்டால் பேட்டரிக்குக் கெடுதல் என்பார் டொமினிக், ஒரு தரம் முழுக்க உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும், மறுபடி பழைய தெம்புக்கு வராது. உடம்பு மாதிரி. என்ன செய்யலாம், என்ன செய்யலாம். விளக்கு எதுவும் எரியவில்லை. மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை. ஃப்ரீசரும் இன்வெர்ட்டரும்தான். இந்த இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே தின்னும், எதுவும் ஓடாவிட்டாலும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுகொண்டே விழித்திருக்கும். அதை அணைத்துவிட்டால்? ஃப்ரீசருக்குள் கறந்து சேர்த்த பாலைச் சுற்றிலும் தண்ணீர்ப் பாட்டில்களைக் கட்டியாக உறைய வைத்திருக்கிறேன். வெயில் இருந்த நாட்களில் மிஞ்சியதையெல்லாம் அப்படித்தான் சேர்த்தேன், பேட்டரி நிறைந்த பிறகும் தகடுகளில் வந்துகொண்டே இருக்குமே, அதை வீணாக விடாமல் பனிக்கட்டியாக. அதுவும் ஒரு பேட்டரிதான். கரண்டே இல்லாமல் ஒரு பகலும் ஓர் இரவும் குளிர் நிற்கும், திறக்காமல் இருந்தால். அணைத்தேன். கீச்சொலி நின்றது, முனகல் நின்றது, கண்ணாடியில் பச்சை எழுத்து போனது. இந்த வீட்டில் இப்படி ஓர் அமைதி இருப்பதே எனக்குத் தெரியாது. கூரையிலிருந்து ஈரம் சொட்டுகிறது. ஃப்ரீசர் மேல் கம்பளியைப் போட்டேன். அதன் மேல் இன்னொரு கம்பளி. அதன் மேல் என் நைட்டி, அவருடைய ஸ்வெட்டர், பாப்பாவுக்கென்று வாங்கி வைத்த மெத்தை. குளிருக்குப் போர்த்துகிறேனா, குளிரையே போர்த்துகிறேனா. அங்கே அவளைச் சூடு போகாமல் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், இங்கே அவள் சாப்பாட்டைக் குளிர் போகாமல் ஒரு பெட்டிக்குள் நான். அவள் பெட்டியிலும் கை நுழைக்க வட்டமாக ஒரு வாசல் உண்டு. காய்ச்சல் வரும் முன் ஒரு நாள் அதைத் திறந்து ஒரு விரலை அவள் உள்ளங்கையில் வைத்தபோது விரலைப் பற்றிக்கொண்டாள். பற்றினாள் என்று சொல்ல முடியாது, மூடினாள். சிஸ்டர் பின்னாலிருந்து, "போதும்மா, சூடு வெளியே போகுது" என்றார். கையை எடுத்தேன். அவள் கை கொஞ்ச நேரம் மூடியபடியே இருந்தது, நான் இன்னும் உள்ளே இருப்பதாக நினைத்து.

பம்புக்குக் கரண்ட் இல்லை என்பதால் கையாலேயே கறந்தேன். வலித்தது. கண்ணாடி டம்ளரில் சின்ன ஊசிக் கோடாக விழுந்தது. கறந்ததை எங்கே வைப்பது? ஃப்ரீசரில். வைக்கத் திறக்க வேண்டும். திறந்தால் குளிர் போகும். அப்படியானால் ஈரத்துணி சுற்றிய மண்பானைத் தண்ணீருக்குள் டம்ளரை இறக்கி வைக்கலாம், சில மணி நேரம் இருக்கும். சரி. ஆனால் உள்ளே இருப்பவை? உறைந்துதான் இருக்கின்றனவா? காலையில் பார்த்தபோது கல் மாதிரி இருந்தன. காலையிலிருந்து கம்ப்ரெசர் சரியாக ஓடியதா? முனகல் கேட்டதே. முனகல் வேறு, குளிர்வது வேறு. ஒருவேளை ஓரத்துப் பாட்டில்கள் இளகத் தொடங்கியிருந்தால்? ஒரு தரம் உருகினால் மறுபடி உறைய வைக்கக் கூடாது, ஒரு நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றார் சிஸ்டர். ஒரே ஒரு தரம் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறந்து பார்த்தால் அதனாலேயே இளகலாம். திறக்காவிட்டால் தெரியாது. கம்பளிமேல் கையை வைத்தேன். எடுத்தேன். காதை வைத்தேன். உள்ளே ஏதோ லேசாக விரிசல் விட்ட சத்தம். பனிக்கட்டியா, என் காதுக்குள்ளா. இருமல் வந்தது. தையலைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கம்பளியில் சாய்த்து இருமினேன். இருமி முடித்தும் அப்படியே கிடந்தேன். கம்பளி வாசனையில் மிளகும் டொமினிக்கும் ஈரமும். கண்ணை மூடினால் மலையெல்லாம் பாலாக இருக்கிறது, மேகம் இல்லை, பால், யாரோ மேலே உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அழுத்தாமல், அது தன் கனத்திலேயே வளைவு வளைவாக இறங்கிப் போகிறது, சரிந்து கிடக்கும் பாறையைச் சுற்றி, மரத்தைத் தாண்டி, அடிவாரம் வரை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் வரை. எங்கேயும் தேங்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் நின்றுவிடும் என்று நினைத்தேன், கதவைத் தட்டினார்கள்.

சிட்டம்மா அக்கா. பக்கத்துத் தோட்டத்தில் காவல் வீட்டில் இருப்பவள், எங்களுக்கு மிளகு பறிக்க வருவாள். உரச்சாக்கை மழைக்கு மடித்துத் தலையில் கொங்காணியாக மாட்டியிருந்தாள், கையில் தூக்குவாளி. "கஞ்சி கொண்டாந்தேன். கொள்ளுத் தொவையல் வச்சிருக்கேன், தொட்டுக்க. என்னத்தா இது, பொட்டிக்குப் போயி இம்புட்டுப் போர்வை போத்தி வச்சிருக்க?" சொன்னேன். ரோடு, கரண்டு, பவுடர், எல்லாம் குழறிக் குழறிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றி என் கையில் வைத்தாள். நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள், "ரோடுதான அடைச்சிருக்கு? ஒத்தையடிப் பாதை இருக்குல்ல?" "அது பழைய பாதைக்கா. மழையில வழுக்கும்." "வழுக்கத்தான் செய்யும். ரோடு வர்றதுக்கு முன்னாடி பலாப்பழத்தைத் தலையில வச்சு அதுலதான எறங்குனோம். எங்க வீட்டுக்காரரும் வீட்டுலதான் கெடக்காரு. நாங்க ரெண்டு பேரும் எறங்குறோம். அடிவாரத்துல பஸ்ஸைப் பிடிச்சு ஆஸ்பத்திரியில குடுத்துட்டு வர்றோம்." நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறு வந்தது. "காட்டுமாடு நிக்கும்க்கா." "நிக்கும். நம்ம ஒதுங்கி நின்னா அது போயிரும்." "உருகிட்டா?" "இங்க இருந்தா உருகாதா?" என்றாள் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். 

எழுந்து நின்றேன். எதில் வைத்து அனுப்புவது? தெர்மகோல் பெட்டி டொமினிக்கிடம். பாத்திர அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். குக்கர், அண்டா, சம்படம். மேல் தட்டில் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பெரிய ஹாட் பாக்ஸ். இடியாப்பத்துக்கு எடுப்போம். சூட்டை உள்ளே பிடித்து வைப்பது குளிரையும் பிடித்து வைக்காதா என்ன, அதற்கு எது எதுவென்று தெரியவா போகிறது. அக்கா போய்த் தன் வீட்டுக்காரர் வீரணன் அண்ணனைக் கூட்டி வந்தாள். அவர் வாசலிலேயே குந்தி, காலில் அட்டை ஏறாமலிருக்க வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கம்பளி, கம்பளி, நைட்டி, ஸ்வெட்டர், மெத்தை என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். மூடியின் மேல் கை வைத்துவிட்டு மறுபடி நின்றேன். பாதியை அனுப்பலாம், பாதி இங்கே இருக்கட்டும், இவர்கள் வழுக்கி விழுந்தாலும் பாதி மிஞ்சும், இங்கே கரண்டு போனாலும் பாதி மிஞ்சும். "பாதி எடுத்துட்டுப் போங்கக்கா" என்றேன். "பாதி எதுக்கு?" "இங்க கொஞ்சம் இருக்கட்டும்னு." "இங்க யாரு குடிக்க?"  திறந்தேன். வெள்ளையாக மூச்சு எழுந்து என் முகத்தில் பட்டது. எல்லாம் கல்லாக இருந்தன. ஒவ்வொரு பாட்டிலிலும் என் கையெழுத்தில் நாளும் வேளையும், பனி பூத்து மங்கலாக. இது காய்ச்சல் வந்த நாள் கறந்தது. இது அழுதுகொண்டே கறந்தது. இது தூக்கத்தில், எப்போது எழுதினேன் என்றே நினைவில்லை. அடுக்கினேன். நடுவில் பால், சுற்றிலும் பனிக்கட்டிப் பாட்டில், இடைவெளியில் மரத்தூள் திணித்த சின்னப் பைகள், மேலே துணி. மண்பானையில் இருந்த டம்ளர்ப் பாலைச் சின்ன பாட்டிலில் ஊற்றி அதையும் ஓர் ஓரத்தில் செருகினேன். மூடியை அழுத்தித் திருகி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, கம்பளியில் கட்டி, அண்ணனின் சாக்குக்குள் இறக்கினோம். அவர் முதுகில் போட்டுக்கொண்டு ஒரு தரம் குலுக்கிப் பார்த்தார். "கனம் தெரியலையே தாயி, இம்புட்டுத்தானா?" என்றார். "இம்புட்டுத்தாண்ணே" என்றேன். எலுமிச்சை வரை கூடப் போனேன். அதற்கு மேல் அக்கா விடவில்லை. "போயிப் படு. பச்சை ஒடம்பு." சாக்கு கொஞ்ச தூரம் மங்கலாகத் தெரிந்தது, பிறகு அவள் கொங்காணி, பிறகு பேச்சுச் சத்தம் மட்டும், பிறகு அதுவும் இல்லை.

படுத்தேன். காலியான ஃப்ரீசர் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, அதை மூடக்கூட எழவில்லை. காவல் காக்க ஒன்றும் இல்லாத வீடு. பயம் போய்விடும் என்று நினைத்தேன், பயம் மட்டும் அவர்களோடு இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது ஊற்று ஓடையைத் தாண்டியிருப்பார்கள். ஓடையில் தண்ணீர் எவ்வளவு? முழங்கால் வரை இருக்கும். இருந்தால் தாண்டலாம். பாசி பிடித்த படிப் பாறை. அண்ணன் செருப்பில்லாமல் போனார், அது நல்லது, வெறுங்கால் பிடிக்கும். காட்டுமாடு தனியாக நின்றால்தான் ஆபத்து, கூட்டமாக இருந்தால் போய்விடும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன், அவர்களுக்குத் தெரியாதா. ஓடை. பாறை. மாடு. மறுபடி ஓடை. எத்தனை தரம் போனாலும் அவர்களை அந்தப் பாறைக்குக் கீழே இறக்க எனக்கு முடியவில்லை, அங்கேயே நிற்கிறார்கள், சாக்கோடு, நான் வழி சொல்லக் காத்துக்கொண்டு. எனக்கு அந்தப் பாதை தெரியாது. பாதிக்கு மேல் நான் போனதில்லை. தெரியாத பாதையில் அவர்களை எப்படி இறக்குவேன். விட்டுவிடு, அவர்கள் காலுக்குத் தெரியும், என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்னபோது உடம்பு கட்டிலில் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது. சுவரில் ஏதோ அசைந்தது. ஒரு வெளுத்த சதுரம், ஜன்னல் வடிவத்தில், கரைந்து, மறுபடி வந்தது. வெகு நேரம் அது என்னவென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில். மேகம் எங்கேயோ மெலிந்திருக்கிறது. எழுந்து, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சார்ஜ் கருவியைப் பார்த்தேன், தகடுகளிலிருந்து கரண்ட் ஏறத் தொடங்கியிருந்தது, மளமளவென்று, மூன்று நாளாகப் பேசாதவர் பேசத் தொடங்கிய மாதிரி. சாயப்போகிற வெயில்தான், ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். இதைச் சும்மா விடுவதா? குடத்தில் இருந்த தண்ணீரைக் காலிப் பாட்டில்களில் கழுத்து வரை ஊற்றாமல் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினேன், உறைந்தால் விரியும். ஃப்ரீசரில் அடுக்கினேன். இன்வெர்ட்டரைப் போட்டு ஃப்ரீசரை ஓட்டினேன். மூங்கில் கம்பை எடுத்து, தையல் இழுக்காமல், கை எட்டிய மட்டும் தகடுகளின் ஈரத்தையும் ஒட்டியிருந்த பலா இலைகளையும் துடைத்துத் தள்ளினேன். இலை விழ விழ உள்ளே முனகல் கூடுவதாகத் தோன்றியது. நாளைக்குக் கறப்பதற்கு இடம் தயாராகிறது. நாளைக்கும் வரும், அதற்கு மறுநாளும் வரும், அவள் பெட்டியை விட்டு வெளியே வருகிற வரைக்கும் நான் இதைச் செய்துகொண்டிருப்பேன். இப்படி நினைத்தபோது, காலையிலிருந்து முதல் தடவையாக, பசித்தது. மிச்சக் கஞ்சியைத் துவையலோடு நின்றபடியே குடித்தேன்.

பொழுது அடங்கும் நேரம் பாறைக்குப் போனேன். மேகம் இப்போது எனக்குக் கீழே இருந்தது, மலையைச் சுற்றி ஒரே சமமாக, அதன் மேல் செம்மண் நிறத்தில் கடைசி வெளிச்சம். ஊர் அதற்கு அடியில் எங்கேயோ இருந்தது. போனில் ஒரு கோடு வந்தது, போனது, இரண்டு கோடு வந்தது. நான் கூப்பிடும் முன் அது அடித்தது. "ஜெசி." "ஏங்க, வந்துட்டாங்களா?" "வந்துட்டாங்க. இப்பத்தான். அண்ணனுக்கு முழங்கால்ல சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல. டீ வாங்கிக் குடுத்திருக்கேன்." "பாலு?" "கல்லு மாதிரி இருக்கு. ஓரத்துல ரெண்டு மட்டும் லேசா இளகியிருக்கு, அதை இப்பவே குடுக்குறாங்க. சிஸ்டர் அந்த ஹாட் பாக்ஸைத் தொறந்து பார்த்துட்டுச் சிரிச்சுட்டாங்க." நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். லைன் போய்விட்டதோ என்று அவர், "இருக்கியா?" என்றார். "இருக்கேன்." "சிட்டம்மாக்கா கண்ணாடி வழியாப் பாப்பாவைப் பார்த்துச்சு. உன் நெத்தியாம்." "நெத்தி உங்களுதுங்க." "அதுகிட்ட நீயே சொல்லு." பின்னால் யாரோ எதையோ இழுக்கும் சத்தம், கதவுச் சத்தம், ஒரு பெண் குரல். அவர் தணிந்த குரலில் சொன்னார், "ஜெசி, மத்தியானம் மூச்சுக்கு வச்சிருந்த குழாயை எடுத்துட்டாங்க. அவளாவே மூச்சு விடுறா. நான் உள்ளதான் நிக்கிறேன். சிஸ்டர் ஒரு நிமிஷம் போனைப் பக்கத்துல வைக்க விட்டிருக்காங்க. ஊசி போட்டாங்க, அதுக்குக் கோபம். கேளு." கொஞ்ச நேரம் மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல். பூனைக்குட்டியினுடையது போல மெலிசாக, இடையில் அறுந்து, மறுபடி எழுந்து. பிறந்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதன் பிறகு வாயில் குழாய்கள், அவள் அழுது நான் கேட்டதே இல்லை. இந்தக் குரல் இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அழு, அழு, என்றேன், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும். மார் இரண்டும் சுரீரென்று இறுகின. பம்பு இல்லை, கை வைக்கவில்லை, ஒன்றுமில்லை, தானாகவே பால் பொங்கி ஜாக்கெட்டை நனைத்தது, சேலையை நனைத்தது, சூடாக வயிற்றில் வழிந்து தையல்மேல் இறங்கியது. பிடிக்கப் பாட்டில் இல்லை. நான் எழுந்து ஓடவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும், அப்படியே வழிய விட்டேன்.